பக்கத்துக்கு எண் போடுகிறவள்

ஒத்தக்கடையில் இறங்கி
ஹைகோர்ட்டுக்குத் திரும்புகிற ரோட்டில்
மூன்றாவது ஜெராக்ஸ் கடை.
எட்டரைக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது
யானைமலை முதுகில் வெயில் ஏறியிருக்கும்.
பத்தேகாலுக்குள் எல்லா வக்கீலுக்கும் அவசரம்.

பச்சைத்தாளில் பிரிண்ட் எடுப்பேன்,
தட்டிச் சமமாக்குவேன்,
ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோப்பேன்.
எண் போடுவதில் மட்டும் மெஷினை நம்பமாட்டேன்.
கையால் போடும்போதுதான்
நாற்பத்தொன்றுக்கு அடுத்து
நாற்பத்துமூன்று உட்கார்ந்திருப்பது தெரியும்.

அப்படித்தான் படித்தேன், ஓரக்கண்ணால்.
பதினோரு வருஷமாக ஜீவனாம்சம் கேட்கிறவள்.
பணி நிரந்தரம் கேட்டு,
அது வருமுன் ஓய்வு பெற்றுவிட்ட வாட்ச்மேன்.
சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஓர் ஊர் போட்ட கையெழுத்து,
பாதிக்கு மேல் கைநாட்டு.
ரேகை காப்பியில் சரியாக விழாது.
அந்தப் பக்கத்தை மூன்று முறை எடுத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் என் மார்க்:
தமிழ் எழுபத்துநாலு. இங்கிலீஷ் ஐம்பத்தொன்று.
பொருளியல் ஐம்பத்தெட்டு, வணிகவியல் அறுபத்திரண்டு,
கம்ப்யூட்டர் அறுபத்தெட்டு.
கணக்குப்பதிவியல் நாற்பத்தொன்பது;
அதை வேகமாகச் சொல்லிவிடுவது வழக்கம்.
ஆக முந்நூற்று அறுபத்திரண்டு.

காரணம் உண்டு.
எல்லாருக்கும் உண்டு.
விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை,
இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஆள் வராத மதியத்தில்
கடைக் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பம் போட்டேன்.
சாதிச் சான்று, இருப்பிடச் சான்று,
குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று ஒரு சான்று
(பட்டத்தையே இன்னும் கண்ணால் பார்க்கவில்லை).
போட்டோவில் காது தெரியவில்லையாம்,
இரண்டு தரம் திருப்பி அனுப்பியது.

நூற்றுக்கு நாற்பத்தைந்து எடுத்தால் தகுதி, இது விதி.
போன வருஷம் எண்பத்தாறில்
கதவைச் சாத்திவிட்டார்கள் என்பது
பக்கத்துக் கடைப் பையன் சொன்னது.
இடையில் நிற்கிறோம் நாங்கள்,
நடுராத்திரி மாட்டுத்தாவணியில்
மேலூர் வண்டிக்கு நிற்கிற மாதிரி,
டிக்கெட்டுக்குச் சில்லறையோடு.

கூடப் படித்த பர்வின் நிஷா ஐந்நூற்று நாற்பத்தெட்டு.
அவளுக்கு பேங்க் வேலைதான் வேண்டும்.
"என் மார்க்கு ஒனக்கு வந்துருக்கணும்டி" என்றாள்.
அன்பாகத்தான் சொன்னாள்.
இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

ஜூனில் ஒருநாள், பத்து பத்துக்கு,
ஜூனியர் வக்கீல் பாக்கியநாதன் ஓடி வந்தார்.
நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
கடைசிப் பக்கத்தில்
மார்ச் பதினாலாம் தேதி உத்தரவை ரத்து செய்யக் கேட்டிருந்தது.
இணைப்பில் உள்ள உத்தரவு
மே பதினாலு.
"சார், மார்ச்சா, மேயா?"
ஊசியைக் கையில் பிடித்தபடி கேட்டேன்.
அவர் முகத்தை அப்போது
காப்பி எடுத்து வைத்திருக்கலாம்.

சாயங்காலம் இரண்டு டீயோடு வந்தார்.
என்ன மார்க் என்றார்.
சொன்னேன், கணக்குப்பதிவியலை வேகமாக.
கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தவர்
"எம் மார்க்கக் கேட்டுறாத" என்றார்.

பட்டியல் வந்தது.
என் பெயர் இருந்தது,
நான்கு இலக்கத்துக்குப் பின்னால்.
கலந்தாய்வுக்கு அழைப்பு வரவில்லை.
மேலூர்க் கல்லூரியில் பி.ஏ. கிடைக்கிறது,
பொருளியல், அதே ஐம்பத்தெட்டு.
மூன்று வருஷம் கழித்து
பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்பு.
அதற்கும் ஒரு பட்டியல் இருக்கும்,
ஒரு கதவு, ஒரு எண்பத்தாறு.

பட்டியலில் என் பக்கத்தைச் சும்மா பிரிண்ட் எடுத்தேன்.
தட்டில் பச்சைத்தாள் இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை.
கிழிக்க மனசு வரவில்லை.
கடைக் கணக்கில் இரண்டு ரூபாய் எழுதிவிட்டு
பழக்கதோஷத்தில்
வலது மூலையில்
1 என்று போட்டேன்.

வாசலில் யாரோ, "நாலு செட்டும்மா, சீக்கிரம்."