ஏழாம் நம்பர்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
எங்கள் பட்டறைக்குப் பெயர்ப்பலகை உண்டு.
திராவகத்துக்குப் பெயர் கிடையாது.
நீலக் கேனில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு ஏழு.
வெள்ளிக்கிழமை ராத்திரி
கெம்பராஜு உள்ளே தாழ்போட்டுக்கொண்டு கலப்பார்.
எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் சாட்சி.

ஸ்டீலில் வெல்டிங் விட்ட கறுப்பை
அரை நிமிடத்தில் நக்கித் துடைத்துவிடும் ஏழு.
அடுத்த பட்டறைக்காரன்
ஒரு ஸ்பூனுக்குப் பத்தாயிரம் தருவதாகக் காதில் சொன்னான்.

பரிபாஷை என்பார்கள்.
பாதரசத்தைச் சிவன் என்று எழுதி
கந்தகத்தை அம்மை என்று எழுதி
நடுவே ஒரு சரக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு
வெளியே சொன்னால் தலை தெறிக்கும் என்று
கடைசி அடியில் பூட்டியவர்கள்.
கெம்பராஜுவின் பூட்டு கோத்ரெஜ்.
அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் திருடினேன்.
ஒரே ஒரு மில்லி, கண்ணாடிக் குழாயில், டிபன் பையில்.
காலையில் ஸ்ரீராமபுரம் வீட்டு ஜன்னலில் தூக்கிப் பார்த்தால்
குழாய்க்குள் பனி படிந்திருந்தது.
ஊற்றிக் கழுவினேன்.
போகவில்லை.
பனி இல்லை அது.
கண்ணாடியைத் தின்றிருந்தது.

கண்ணாடியைத் தின்னும் அமிலம்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
நோட்டில் 'வெண்ணாகம்' என்று எழுதி
பக்கத்தில் விகிதம் போட்டேன்.
லோன் கிடைத்தால் தாசரஹள்ளியில்
என் பெயரில் ஒரு ஷெட்.
அன்றிலிருந்து
நான் மட்டும் இரண்டு கையுறை போட்டுக்கொண்டேன்,
ஒன்றின் மேல் ஒன்று.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பீதாம்பரின் கையுறையில் ஓட்டை.
வலியே இல்லை என்று சிரித்தான்.
பன் தின்றான், டீ குடித்தான்.
சாயங்காலம் விரல்நுனிகள் மெழுகாக வெளுத்து
எலும்புக்குள் யாரோ திருகாணி முறுக்குவதாக
ஒடியாவில் அலறினான்.
அந்தச் சொற்கள் எங்கள் யாருக்கும் தெரியாது.
புரியாமலும் இல்லை.

ராஜாஜிநகர் ஈஎஸ்ஐ.
என்ன ஆசிட், டாக்டர் கேட்டார்.
சும்மா க்ளீனிங் லிக்விட் சார்.
அதுதான், என்ன?
ஏழாம் நம்பர், என்றார் கெம்பராஜு,
சாமி பெயரைச் சொல்வதுபோல் மெதுவாக.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் ஷெட்டுக்கு அட்வான்ஸ் எவ்வளவு ஆகும் என்று
கணக்குப் போட்டேன்.
ஆமாம். அப்போதும்.
பிறகு வாயைத் திறந்தால்
'வெண்ணாகம்' என்றுதான் வந்தது.
பாம்புக்கடியா என்று கேட்டார் அவர்.

ஹைட்ரோஃபுளோரிக், என்றேன்.

ஓடினார்.
கால்சியம் கால்சியம் என்று
காரிடார் முழுக்க அவர் குரல்.

என் தலை தெறிக்கவில்லை.
கழுத்தின் மேல்தான் இருந்தது, கனமாக.

கெம்பராஜுவின் முகத்தில் கோபத்தைவிட
ஆச்சரியம்தான் அதிகம்.
எவ்வளவு நாளாகத் தெரியும், என்றார்.

பதினோரு மாதம்.

பீதாம்பர் வேலைக்குச் சேர்ந்து
எட்டு மாதம்.