ஒற்றைத் தட்டு

கோர்ட்டில் அடிக்கடி வரும் சொல்லுக்கு
சுருக்கெழுத்து இயந்திரத்தில்
ஒற்றைத் தட்டு வைத்துக்கொள்வோம்.
'கனம் நீதிபதி அவர்களே': ஒரு தட்டு.
'எனக்கு நினைவில்லை': ஒரு தட்டு.
'டெசர்மோ': ஒரு தட்டு.

லூசியானாவின் இந்தச் சதுப்புக்கரையில்
முப்பத்தொரு வருடம் அடித்தேன்.
கிழவர் ஆல்சிட் டெசர்மோ தீர்ப்புச் சொன்னார்.
மகன் ஃபெர்னான் அரசுத் தரப்பு.
பேரன் தாட் எதிர்த்தரப்பு.
ஞாயிறானால் மூவரும்
ஒரே மேஜையில் நண்டு உடைத்தார்கள்.
அதைப் பதிவு செய்ய யாரும் சொல்லவில்லை.
கிறிஸ்துமஸுக்கு எனக்கும் ஒரு பன்றித்தொடை வரும்.
மறுத்ததில்லை.

ஒனெசிம் நார்சிஸுக்குத் தட்டு கிடையாது.
எண்ணெய் மேடையிலிருந்து விழுந்து
கழுத்துக்குக் கீழே எல்லாம் போனவன்.
எழுத்தெழுத்தாக அடித்தேன்.
நஷ்டஈடு ஒன்பது லட்சம் டாலர்,
பெற்றுக்கொண்டவர்: அவன் வக்கீல், தாட்.
பணம் நான்கு கால் முளைத்து
பந்தயத் திடலில் ஓடி முடிந்தது.
கணக்குக் கேட்ட குமாஸ்தா பெண்ணை
காரோடு வாய்க்காலிலிருந்து தூக்கினார்கள்.
"விபத்து" என்றார் ஷெரிஃப்.
அதற்கும் ஒற்றைத் தட்டு.

இன்று வெளியூர் நீதிபதி கேட்டார்:
"உங்கள் பெயர்?"
தாட் சொன்னான்.
விரல் பழக்கத்தில் போய்விட்டது.
அழித்துவிட்டு
எழுத்தெழுத்தாக அடித்தேன்,
நார்சிஸுக்கு அடித்த மாதிரி.

அதன் பிறகு வேலை சுலபம்.
நாற்பத்துமூன்று முறை
எனக்கு நினைவில்லை என்றான்.
அந்தத் தட்டு
அவன் தாத்தாவின் கோர்ட்டில்
நான் முதலில் பழகியது.