இரண்டு சீட்டு

ரௌத்திரி வருஷம் ஐப்பசியில்
என் மடியில் இரண்டு சீட்டு இருந்தன.
இடப்பக்கம் பாளையத்தார் ஓலை, பன்றி முத்திரை.
வலப்பக்கம் கும்பினிக் காகிதம், சிவப்பரக்கு,
எறும்பு ஊர்ந்தது போல எழுத்து.
இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்றார்
பெரியகுளத்து ராயசம்:
பூம்பாறை வீரணன் மன்னாடி,
பொதிமாடு பதினொன்று,
தடுக்க வேண்டாம்.

வடக்கே இறங்கினால் பாளையம்.
தெற்கே இறங்கினால் பட்டாளம்.
மேலே நாங்கள், பனியும் பூண்டுமாக.

குண்டுபட்ட இடத்தில் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவார்கள்,
இரண்டு பக்கமும் அதே வைத்தியம்தான்.
ஆகவே விலை ஏறுகிற திசையை வைத்தே
யாருக்கு அடி அதிகம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.
யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

"அங்கே எத்தனை குதிரை?" என்பான் பட்டாளத்து ஹவில்தார்.
"குதிரை பூண்டு தின்னாது, எஜமான். நான் எண்ணவில்லை."
சிரித்துக்கொண்டே ஒரு பொதியை ஓரமாகத் தள்ளிவைப்பான்.
"எத்தனை பீரங்கி?" என்பார்கள் பாளையத்தில்.
"பீரங்கிப் பக்கம் மாடு மிரளுது, நான் போகலை."
அங்கே ஒன்றரைப் பொதி போகும்.
வீட்டில் சடைச்சி விரல்விட்டு எண்ணினாள்:
"நடுவில் நிற்க வாடகை
நடைக்கு இரண்டரைப் பொதியா?"

திரும்பும்போது உப்பு.
ஒவ்வொரு மூட்டையிலும் விரல் விட்டு
நக்கிப் பார்த்தான் சாவடிக்காரன்.
நாக்கு ஜில்லென்றால் வெடியுப்பு, கழுத்துக்குக் கயிறு.
கரித்தால் சோற்றுப்பு, போகலாம்.
பதினாறு மூட்டை நக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.
என் சுரைக்குடுக்கையைக் கொடுத்தேன்.

உதுமான் ராவுத்தருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.
அவர் சரக்கு மட்டக்குதிரை.
"நானும் உன்னைப் போல வியாபாரிதானே, மன்னாடி" என்றார்,
ஏழு தலைக்கயிறும் வெறுங்கையில் தொங்க.
"உன் சரக்குக்கு முதுகு இல்லை.
என் சரக்குமேல் ஒருவன் ஏறிவிடுகிறான்."
ஒரு படி உப்பு கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

துன்மதி பிறந்தது.
ஆடிக் காற்றில் வடக்குச் சரிவு இறங்கினேன்.
சாவடியில் அதே ஆள், அதே ஈட்டி.
இடுப்பில் மட்டும் புதுசாகச் சிவப்புக் கச்சை.

பன்றி முத்திரையை நீட்டினேன்.
"இது யார் சீட்டு?"
"உங்க சீட்டுத்தான்."
"எங்களுது இல்லை. கலகக்காரன் சீட்டு."
மூன்று நாளைக்கு முன் அண்ணன் கும்பினியோடு கைகோத்தாராம்;
ஒப்பாத தம்பி காட்டுக்குள் போனாராம்.
அவசரமாக வலமடியை அவிழ்த்தேன். சிவப்பரக்கு.
அதையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கும்பினி சீட்டை வைத்துக்கொண்டா
கலகக்காரனுக்கு விற்றாய்?"

நான் விற்றது உனக்குத்தானே.
சொல்லவில்லை.
அவன் முழங்கைக் கட்டில்
என் பூண்டு இன்னும் நாறிக்கொண்டிருந்தது.

ஆறு மாடு அங்கே நின்றுவிட்டது.
மயிலை திரும்பித் திரும்பிப் பார்த்தது,
செவலை பார்க்கவில்லை.
மிச்சம் ஐந்தோடு ஏறினேன்,
பகல் வெளிச்சத்தில், கழுத்துமணி கணகணக்க.
இனி யாருக்கு ஒளிக்க?
இரண்டு பக்கமும் ஒரே பக்கம் ஆகிவிட்டதே.

கூக்கால் பாதை பிரிகிற இடத்தில்
சோலைக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை.
மறுபடி ஒன்று.
பிறகு மெதுவாக ஒரு குரல்,
பையன் குரல்தான், உடைந்துகொண்டிருக்கிற வயது:
"பூண்டு இருக்கா?
தம்பி நாயக்கர் பணம் தருவார்.
சீட்டும் தருவார்."

மணிக்குள் விரலை விட்டேன்.
பழைய புல் காய்ந்து உதிர்ந்திருந்தது.
குனிந்து,
ஈரமாய் ஒரு கைப்பிடி பிடுங்கினேன்.