பதினாலாவது குழாய்

தேவிபட்டினம் அம்மன் கோயில் கச்சேரிக்குப்
பதினாலு குழாய் கட்டினேன்.
கடைசிக் குழாய் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
வேப்பமரக் கவட்டையில்,
பெண்கடலைப் பார்த்து.

முதலில் பேராசிரியர் பேசினார்.
இந்தக் கரைக்கென்றே ஒரு பண் இருந்தது, செவ்வழி.
விளரி என்று ஒரு யாழ் இருந்தது.
பொழுது சாய்ந்தால், போனவர் திரும்பாவிட்டால்
அதைத் தொடுவார்கள்.
யாழ் போயிற்று. நரம்பை உப்பு தின்றது.
பண் மட்டும் ஊர் மாறி, தேவாரத்துக்குள் கொஞ்ச காலம் தங்கி,
இன்று யதுகுல காம்போதி என்ற பேரில் குடியிருக்கிறது.
அப்படிச் சொல்வார் உண்டு, இல்லையென்பாரும் உண்டு என்றார்.
இரண்டாயிரம் வருஷம் என்று அவர் சொன்ன இடத்தில்
எக்கோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.
வரலாற்றில் என் பங்கு அதுதான்.

நாகசுரம், அபிராமம் ஏகாம்பரம்.
உப்புக் காற்றில் சீவாளி விறைத்துக்கொள்கிறது.
ஒன்றை ஊதிப் பார்த்து, உதறி,
இன்னொன்றை உதட்டில் வைத்துப் பதமாக்கினார்.
எனக்கு ராகம் தெரியாது.
ஊசி சிவப்புக்குப் போகிறதா, குழாய் வீறிடுகிறதா,
முப்பது வருஷமாக நான் கேட்டது அவ்வளவுதான்.
ஏலக்கூடத்துத் தராசுக்காரன்
மீனைப் பார்ப்பதில்லை.

ஆலாபனை தொடங்கிய கையோடு
நம்புச்செல்வி வந்தாள், முழங்கை வரை செதில்.
"அண்ணே, அந்தக் கடைசிக் குழாயை வேற பக்கம் திருப்புங்க.
அவுக கெடந்து நடுங்குறாக."
யாரென்று கேட்க வேண்டியதில்லை.
பதினோரு மாசம் அக்கரைச் சிறையில் இருந்துவிட்டுப்
போன புதன்கிழமை வந்தவன்.
படகு வரவில்லை, ஆள் மட்டும்.
நடுக்கடலில் நிற்கச் சொன்னதும்
ஒலிபெருக்கியில்தானாம்.

ஏணி போட்டுத் திருப்பினேன்.
குழாய் இப்போது கருவேலங்காட்டைப் பார்த்தது.

அப்புறம் கரண்ட் போனது.
பதினாலும் ஒரே மூச்சில் செத்தன.
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன். இருமியது, படுத்துக்கொண்டது.
ஏகாம்பரம் நிறுத்தவில்லை.
கண்ணை மூடியிருந்தவருக்கு
விளக்குப் போனதே தெரியாதோ என்னவோ.

செய்ய வேலை இல்லாத அந்தப் பத்து நிமிஷத்தில்
கேட்டேன்.

வாசல்வரை வந்துவிட்டுப்
பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று நிற்கிற ஒருவரைப் போல
ஒரு சுரம் நின்றது.
கூப்பிடவில்லை.
திரும்பிப் போனது. மறுபடி வந்தது.

தவில்காரர் தோலின்மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார், அடிக்காமல்.
முன்வரிசையில் ஊராட்சித் தலைவர் செருப்பைக் கழற்றினார்,
ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.
எனக்குத் தாஜுதீன் ஞாபகம் வந்தான்.
என் கூட்டாளி, அறுநூறு ரூபாய்க் கணக்கில்
பேசாமல் பிரிந்து போனவன்.
தப்பு என்னுடையது என்பதும்
அந்த இருட்டில் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

சோழகக் காற்று
கம்பியும் இல்லாமல் குழாயும் இல்லாமல்
அதைத் தூக்கிக்கொண்டு ஐஸ் கம்பெனியைத் தாண்டிப் போனது.

கரண்ட் வந்தபோது ராகம் முடிந்திருந்தது.
நம்புச்செல்வி மறுபடி, மூச்சு வாங்க.
"குழாயை முன்ன இருந்தாப்புலயே வைக்கச் சொன்னாக."
"யாரு?"
"அவுகதான்."
போகத் திரும்பியவள் நின்றாள்.
"வந்ததுலருந்து இதுதான் மொதப் பேச்சு."

ஏணி. கவட்டை. கடலைப் பார்க்கத் திருப்பி
முறுக்கிக் கட்டினேன்.
அதிலிருந்து முதலில் வந்தது
விழாக் காரியதரிசியின் குரல்:
கீழத்தெரு கருமலையான், நூற்றியொரு ரூபாய்.
வலைக்கடை சேதுராமு, இருநூற்றியொன்று.
சர்பத் கடை மீராசா, ஐம்பது.

எனக்கு வெட்கமாகிவிட்டது, ஏணியிலேயே நின்றேன்.
கீழே, விளக்குப் போடாத வாசலில்
குத்தவைத்து உட்கார்ந்து
ஒருவன் அந்தப் பட்டியலை ஒரு பேர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

தூரத்தில் மேடைமேல் ஏகாம்பரம்
அடுத்த சீவாளியை
நாக்கில் நனைத்தார்.