மூணு நடை

நாய்கள் என் அண்ணன் வீட்டில்.
காதுகுத்து மொய் நோட்டில் ஐந்நூறு குறைந்த நாளிலிருந்து
அவனும் வருவதில்லை, நாய்களும் வருவதில்லை.
வழி சொல்ல ஆளில்லாமல்
சாப்டூர் மலையடியில் இந்த மார்கழிக்கு
நீயும் நானும்தான்.

நாலு இரவாய் அது நம் மக்காச்சோளத்தில்
தின்றதைவிடப் புரண்டு படுத்தது அதிகம்.
பேரையூரில் கொடுத்த மனுவுக்கு
ரசீது மட்டும் கிடைத்தது.
அதை எலி தின்றது.

மூன்று நாளாய் எனக்குத் தலைக்கு எண்ணெயில்லை,
பூவில்லை, சோப்பில்லை.
உனக்குப் பீடியில்லை.
ராத்திரிக் காற்று மலையிலிருந்து இறங்கும் என்று
ஓடைக்குக் கீழே படுத்தோம், முகம் மேற்கே,
உரச்சாக்குக்குள் கால்.
மண்ணிலிருந்து ஏறிய குளிர்
முட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டது.
நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய்.
பொத்தினேன்.
பதினோரு வருசத்தில்
சண்டையில்லாமல் இத்தனை நேரம்
நாம் பேசாமலிருந்தது இன்றைக்குத்தான்.

மூன்றாம் சாமத்தில் ஒரு தட்டை முறிந்தது.
பிறகு நாலைந்து, சேர்ந்தாற்போல்.
நான் மேற்கே சுற்றிப் போய்த் தகரம் தட்ட வேண்டும்,
கடவில் நீ ஈட்டியோடு நிற்க வேண்டும்.
பேசி வைத்தது அப்படி.
பன்றி அந்தப் பேச்சில் இல்லை.

உன் ஈட்டி விலாவில் பட்டுச் சறுக்கியது.
அது திரும்பியது, என் பக்கமாய்.
ஓடத் தோன்றவில்லை, தகரத்தைக் கீழே போடவும் தோன்றவில்லை.
தகரத்தைத்தான் முதலில் முட்டியது.
(இன்று அது கோழிக்கூண்டுக்குக் கதவு.
நடுவில் பல் போன ஓட்டை வழியே
குஞ்சுகள் எட்டிப் பார்க்கும்.)
கோடாலி எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியாது.
விழுந்த சத்தம் தெரியும்.

செல்போனில் பதினோரு சதவீதம்.
அந்த வெளிச்சத்தில் ரத்தமும் பனியும்
ஒரே கறுப்பாய் இலையில் நின்றன.
நீ குனிந்து ஒவ்வொரு இலையாய் நக்கினாய்.
உப்பிருந்தால் இந்தப் பக்கம்,
இல்லையென்றால் அந்தப் பக்கம்.

கருவேலம் புதருக்கடியில்
நாய்போல் உட்கார்ந்திருந்தது.
எங்களைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தது.
"நீ போடு, விருமாயி" என்றாய். உன் கை ஆடியது.
"பயமில்ல. பீடி."
நான் ஒன்றும் கேட்கவில்லையே.
போட்டேன்.

மார்கழி என்பதால் விடியும்வரை கறி கெடாது.
மார்கழி என்பதால் கத்தி விரலில் நிற்கவில்லை.
வயிற்றைக் கீறியதும் எழுந்தது ஆவி,
அடைமழை நாளில் சோற்றுப்பானை திறந்தாற்போல்.
அதற்குள் கையை வைத்தேன், முழங்கைவரை.
நீயும் வைத்தாய்.
வேலை ஒன்றும் பார்க்கவில்லை.
வழுவழுப்பில் எது உன் விரல், எது அதன் குடல்,
தெரியவில்லை.
ஒன்று மட்டும் திரும்ப என்னைப் பிடித்தது.

எக்செல் வண்டிக்கு மூணு நடை.
முதல் நடை ரேசன் சாக்கில்,
இரண்டாவது உன் லுங்கியில்.
மூணாவதுக்கு நான் திரும்பி வருகையில்
ஜட்டியோடு சோளத்துக்குள் நின்று
இருமிக் காட்டினாய், நான் பயந்துவிடக் கூடாதென்று.
மூன்று நாளாய் என் மடியில் ஒளித்திருந்த
பீடிக்கட்டை எடுத்து நீட்டினேன்.
"இங்கயா இருந்துச்சு?" என்று கேட்டாய்,
பன்றியைக் கண்டபோதுகூட
அப்படி ஆச்சரியப்படவில்லை நீ.

பின்னந்தொடை ஒன்றைத் தனியே கட்டினாய்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை,
நீயும் சொல்லவில்லை.
பால்வண்டிக்கு முன்னால்
அண்ணன் தெருவில் திருப்பினேன்.
நாய்கள் முதலில் எழுந்தன.
என் சேலையை மோந்தன,
குரைக்க மறந்து வாலை ஆட்டின.

உள்ளே அண்ணன் விழித்திருக்க வேண்டும்.
வா என்று சொல்லவில்லை.
விளக்குப் போடவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்:

"காத்து எந்தப் பக்கம் இருந்துச்சு?"