நில்

தினமும் காலை எட்டரைக்கு
வருசநாட்டு மலையடியிலிருந்து
ஒச்சப்பன் போன் செய்வார்.
தல்லாகுளத்து அலுவலகத்தில்
பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே
நான் கேட்பேன்: "எவ்வளவு?"

ஒரு மழைமானி, அதற்குள் ஒரு புட்டி,
அளக்க ஒரு கண்ணாடிக் குவளை.
வானத்தைப் பார்த்துக்கொள்ள
அரசு அவருக்குக் கொடுத்தது இவ்வளவுதான்.
மழையில்லாத நாளுக்கு
அவர் பதிவேட்டில் எழுதுவது 'நில்'.
ஒன்றுமில்லை என்பதற்கான இங்கிலீஷை
எந்த அதிகாரியோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்.
இவர் தமிழில் எழுதிவிட்டார்.

ஆடி முழுக்க
நில் நில் நில் நில்
ஆவணியில் ஒரு தூறல், பூச்சியம் புள்ளி நாலு,
மறுபடி நில்.
பக்கத்தைப் புரட்டினால்
ஓடுகிற ஒருவரை
முச்சந்தியில் நின்று யாரோ
தொண்டை வற்றக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

மழைக்குத் தமிழ் தெரியும் போல.
நின்றுவிட்டது.

மேலூர்ப் பக்கம் கடைமடையிலிருந்து
பிச்சம்மாள் கூப்பிட்டாள்.
எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்ததோ.
"ஐப்பசி எப்பம்மா வருது?"
வந்து ஒன்பது நாளாகிறது என்றேன்.
"நான் தேதியக் கேக்கல."

சென்னையிலிருந்து வந்த கோப்பில்
இந்த ஆற்றுக்கு ஏழு எதிர்காலங்கள்.
ஐந்தில் வடகிழக்கு மழை கூடுகிறது,
ஒன்றில் குறைகிறது.
ஏழாவதில் மழை கூடுகிறது,
மழைநாள் குறைகிறது.
இதில் எதை எடுத்து அவளிடம்
நாற்றுப் பாவு என்று சொல்ல?
"பாத்துக்கங்க" என்றேன்.
பாவிவிட்டாள்.

ஐப்பசி பதினெட்டு.
எட்டரைக்கு போன் வரவில்லை.
பத்தேகாலுக்கு வந்தது.
"மேடம், புட்டி நெறஞ்சு, டப்பா நெறஞ்சு,
வெளிய வழிஞ்சு கெடக்கு.
குவள குவளயா ஊத்தி எண்ணுனேன்,
பதினொண்ணு.
வழிஞ்சத எத வெச்சு அளக்க?"
பின்னால் ஓடையின் சத்தம்,
லாரிகள் வரிசையாகப் போவதுபோல.

கணினிக் கட்டத்தில்
'வழிந்தது' என்று அடித்தேன்.
எண் மட்டும் என்றது.
பதினொன்றை இருபதால் பெருக்கிப் போட்டேன்.
அன்று மலையில் பெய்தது
ஒரு புட்டியும் ஒரு டப்பாவும்.
மிச்சம் பெய்யவே இல்லை.
எட்டாவது எதிர்காலத்தை யாராவது செய்தால்
இதைத் தின்றுதான் அது வளரும்.

மதுரையில் தரைப்பாலம் மூழ்கியது.
ஏ.வி. பாலத்துக் கைப்பிடியில்
ஊரே சாய்ந்து படம் பிடித்தது.
ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு, ஒரு ஆட்டுக்கிடைப் படல்,
மலையின் மண் நிறம்.
விரகனூரில் எல்லா ஷட்டரையும் தூக்கினார்கள்.
மேலே எங்கோ கால்வாய் உடைந்ததால்
மேலூர் மதகை இறக்கினார்கள்.
பிச்சம்மாளின் நாற்றங்காலுக்கு
அன்றைக்கும் நில்.
அவள் அப்புறம் கூப்பிடவில்லை.
நானும்.

மார்கழியில் அறிக்கை போனது.
பருவமழை: இயல்பைவிட நான்கு சதவீதம் கூடுதல்.
பச்சை மையில் கையெழுத்து.
கூட்டல் சரிதான், இருமுறை பார்த்தேன்.
நூற்றுப்பத்து நாளையும் ஓர் இரவையும்
ஒரே தட்டில் போட்டுக் கலக்கினால்
அப்படித்தான் வரும்.

ஒச்சப்பன் ஒரு மனு அனுப்பியிருக்கிறார்.
பெரிய புட்டி வேண்டுமாம்.
படிவத்தை நிரப்புகிறேன்.
நிலையத்தின் பெயர், பொருள், எண்ணிக்கை: ஒன்று.

போன் அடிக்கிறது. எட்டரை.
"நில், மேடம்."

தேவைப்படும் கொள்ளளவு
என்ற இடத்தில்
என் பேனா.