அரை லிட்டர்

குற்றாலத்து லாட்ஜ்காரர் மகனுக்காக வாங்கிய வண்டி.
மகன் மஸ்கட் போனபின்
பலாமரத்தடியில் ஒன்பது வருஷம்.
நான் பார்க்கப் போனபோது
ஓட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்த கோழி
முட்டையை விட்டு எழ மறுத்தது.

கோவாவில் வார்த்த ஃபைபர் உடம்பு.
துருப்பிடிக்காது, விரிசல் விடும்.
இரண்டு பேருக்கு மேல் இடமில்லை.
பின்னால் ஆங்கிலத்தில் புயல் என்று ஒட்டியிருந்ததில்
முதல் எழுத்து உதிர்ந்திருந்தது.
மிச்சத்துக்கு அர்த்தமில்லை.
நாற்பத்தையாயிரம் கொடுத்தேன்.
கோழியை அவரே வைத்துக்கொண்டார்.

மைதீன் பிச்சை பானட்டைத் தூக்கிவிட்டு
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "இன்ஜின் வெளிநாட்டுச் சரக்கு பிள்ளே,
ஸ்பேர் கேட்டா சிரிப்பான்."
ரேடியேட்டர் ஒரு மாருதி வேனிலிருந்து வந்தது.
கிளட்ச் கேபிள் எதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.
கூரையைத் தைத்தவர் சங்கிலிமாடன்,
கடையநல்லூரில் ஆட்டோக்களுக்கு ஹூட் தைப்பவர்.
கை பழகிய வழியில்
விளிம்பெல்லாம் மஞ்சள் பட்டி வைத்துவிட்டார்.
செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினால்
"தென்காசிக்கு எவ்வளவு?" என்கிறார்கள்.

தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்து
இன்ஜின் கொதித்துக்கொண்டே இருந்தது.
பிச்சை மூன்று நாள் திட்டினார்.
நான்தான் குழாயின் உச்சி வளைவைத் தேடி
கிளாம்பைத் தளர்த்தி
விரலால் தட்டித் தட்டிக்
குமிழ்களை வெளியே விட்டேன்.
புனலூர் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் அறையில்
எனக்கு தினமும் அதே வேலை.
ரத்தம் போகும் வழியில்
ஒரு குமிழ் தங்கக்கூடாது.
அன்றைக்கு அவர் கூலி வாங்கவில்லை.
மறுநாள் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

நாலரைக்குக் கிளம்புவேன்.
மூன்றாம் சாவித் திருப்பலில் உயிர் வரும்.
புளியரை எஸ் வளைவில்
முன்னால் எப்போதும் ஒரு வைக்கோல் லாரி,
கேரளத்து மாடுகளின் பசியை அசைத்து அசைத்து ஏற்றியபடி.
இங்கே காற்று, மேலே தூறல்,
ஆரியங்காவு இறக்கத்தில் மழை.
ஈரத் தலையில் வைக்கோலோடு உள்ளே நுழைந்தால்
சிஸ்டர் ஷைனி "பசு வந்நு" என்பாள்.
வண்டி எனக்குச் சம்பளத்தில் கால்வாசி.
பஸ்ஸில் போனால் தூங்கலாம் என்று
அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

செவ்வாய், வியாழன், சனி
திரும்பும்போது பாப்பச்சன் கூட வருவார்.
கழுதுருட்டி ரப்பர்த் தோட்டத்தில் வாட்ச்மேனாக இருந்தவர்.
சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன.
நாளைக்கு அரை லிட்டர், அவ்வளவுதான் அவருக்கு,
கஞ்சித் தெளிவும் மாத்திரைத் தண்ணீரும் சேர்த்து.

ஒற்றைக்கல்லில் நிறுத்தி
ஆறவிட்டு, மூடியைத் துணியால் திருகி
ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.
எங்கே ஒழுகுகிறதென்று பிச்சைக்கும் தெரியாது,
தினம் அரை லிட்டர் குடிக்கும்.
பாப்பச்சன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார்.
ஒருநாள் சொன்னார்:
"என் பங்கை இவன் குடிக்கிறான்."

போன வியாழன் தென்மலை தாண்டியதும்
மழை சொல்லாமல் இறங்கியது.
கூரையை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது கீல்.
நான் உதைத்தேன், தொங்கினேன்,
உள்ளங்கை கிழிந்தது.
போவோம் என்று ஓட்டினேன்.
வைப்பர் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தது.

பக்கத்தில் சத்தமே இல்லை.
திரும்பினால்
தலையை சீட்டில் சாய்த்து
வாயைத் திறந்து வைத்திருந்தார்.
தொண்டை ஏறி இறங்கியது.
என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.
கொஞ்ச தூரம் போனபின்,
"மோளே, இது கணக்கில் கூட்டுமோ?"

பதிமூன்று கண் பாலம் வந்தது.
அவரை ஏற்றுமுன் எடை, இறக்கியபின் எடை
எழுதுகிறவள் நான்.
கியரைக் குறைத்தேன்.
"சட்டையில விழுறது கூட்டறதில்ல" என்றேன்.
மறுபடி திறந்தார்.
நான் சாலையைப் பார்த்துக்கொண்டு
கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன்.

சனிக்கிழமை தராசில்
வழக்கத்தைவிட நூறு கிராம் கூடுதல்.
குறிப்புக் கட்டத்தில்
ஈரச் சட்டை என்று எழுதினேன்.
வெளியே நல்ல வெயில்.